துப்புரவு நாளும் வீட்டுப் பூனையும்

பூனையைப் பற்றிப் பேசுவதற்கு வானொலியில் இத்தனை நிமிடம் வேண்டுமா என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். பூனையை மாத்திரம் பற்றியதெனின் வேண்டியதில்லைதான். நான் எடுத்துக்கொண்ட பொருளில் இன்னொருவரும் இருக்கிறார். வாரத்திற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ நம் வீட்டுக்கு வந்து, கூட்டித் துடைத்துக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகும் பெண் அவர். அவரும், வாசற்படிக்கு வெளியே கால்வைத்தறியாத பூனையொன்றும் ஒரே வீட்டினுள் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தைப் பற்றியதே இப்பேச்சு. அந்நேரத்தில் சிறிது கவனம் பிசகினாலும் பூனை தன் உயிரை இழக்க நேரும். அப்பெண் தம் பிழைப்பை இழக்க நேரும். இவ்விரண்டும் நம் தலைநகரில் நடவாதன அல்ல.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய சிக்கல். அங்கே பூனையை யாரும் வளர்த்ததாகச் சொல்வதற்கில்லை. அது தானாக வந்தது; குசினி மூலையில் எலி பிடித்தது; மீன் வெட்டும் நேரம் பார்த்துக் கிணற்றடிக்கு வந்து குந்தியது. முற்றங் கூட்டும் ஓசை கேட்டால் வேலியைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. கூட்டி முடிந்தபின் தன் பாட்டில் திரும்பி வந்தது. உள்ளென்றும் வெளியென்றும் அதற்கு எல்லைக்கோடு இருக்கவில்லை. ஆதலால், கூட்ட வருபவரோடு அதற்கு வழக்கும் இருக்கவில்லை.

வெள்ளவத்தையில் நிலைமை வேறு. 1990களிலும் அதன் பின்னரும், வடக்குக் கிழக்கின் போர்ச்சூழலிலிருந்து பெயர்ந்துவந்த குடும்பங்கள் பெருகிய காலத்தில், காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பிள்ளைகள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் போய்விட, மூன்றாம் மாடியிலோ ஆறாம் மாடியிலோ தனித்திருக்கும் முதியவர்களுக்குத் துணையாகப் பூனையொன்று வந்துசேர்ந்தது. அப்பூனைக்கு மண் தெரியாது, வேலி தெரியாது, வாகனம் தெரியாது. இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் ஒரு பல்கணியுமே அதன் உலகம். கொட்டாஞ்சேனையிலோ பல வீடுகள் இன்னும் நிலத்தோடு நிற்பவை. ஆயினும், ஜம்பட்டா வீதியிலும் அதனையொட்டிய தெருக்களிலும் சுவரைப் பங்கிட்டு நெருங்கி நிற்கும் அவ்வீடுகளின் வாசலைத் தாண்டினால் அடுத்த அடி தெருவில்தான். முச்சக்கர வண்டிகளும், துறைமுகப் பக்கத்து லொறிகளும் ஓயாது போய்வரும் அத்தெரு, பழக்கமில்லாத பூனைக்கு ஆறாம் மாடிப் பல்கணியினும் பாதுகாப்பானதென்று கூறமுடியாது.

இவ்வீடுகளுக்குத் துப்புரவுக்கென்று வரும் பெண்களிலே தமிழரும் உளர், சிங்களவரும் உளர். மட்டக்குளியிலிருந்தும் வத்தளையிலிருந்தும் தெகிவளையிலிருந்தும் பேருந்தில் வருவோர் சிலர்; மலையகத்திலிருந்து வந்து நகரிலேயே ஒண்டுக்குடித்தனம் நடத்துவோர் சிலர். மொழி தெரியாததால் பூனையைப்பற்றி எதுவும் சொல்லவில்லை என்று காரணங் காட்டும் வீட்டுக்காரரைக் கண்டிருக்கிறேன். அக்காரணம் எனக்கு உடன்பாடன்று. பூனைக்குச் சிங்களத்திலே 'பூசா' என்றொரு பெயர் வழங்குகின்றது. தமிழிலே 'பூசை' என்பது பூனையின் பழம்பெயர்களுள் ஒன்று. கம்பர் தம் அவையடக்கத்திற் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்ததாகக் கூறுவது இந்தப் பூசையைத்தான். கதவைக் காட்டி, 'பூசா' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் எவருக்கும் விளங்கும். அந்த ஒரு சொல்லையும் சொல்லாது விடுவதிலேதான் தொல்லை தொடங்குகின்றது.

எங்கள் பக்கத்து ஒழுங்கையிலே, பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு தொடர்மாடியில், சில ஆண்டுகளுக்குமுன் நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், சாம்பல் நிறப் பெட்டைப்பூனை ஒன்றுடன் வசித்துவந்தார். வியாழக்கிழமை தோறும் ஒரு பெண் துப்புரவுக்கு வருவார். அன்றைக்கும் வந்தார். கால்மிதிகளை வெளியே தட்டுவதற்காக வாசற்கதவைத் திறந்து, அது காற்றில் அடிபடாதிருக்க வாளியொன்றை அணைகொடுத்து வைத்திருந்தார். அம்மையார் அவ்வேளையில் வெளிநாட்டிலிருக்கும் மகனுடன் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு அப்பெண் வேலைமுடித்துப் போனார். இரண்டு மணிக்குச் சோற்றுக்கு அழைத்தால் பூனையைக் காணோம்.

வாளி அணைகொடுத்த கதவு உடனே நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. அப்பெண் இனி வரவேண்டாமெனத் தொலைபேசியில் அறிவிக்கப்பட்டார். செய்தி மின்தூக்கியில் ஏறி இறங்கிற்று. அதே கட்டிடத்தில் வேறிரண்டு வீடுகளிலும் அவர் வேலைசெய்துவந்தார். 'கவனமில்லாதவர்' என்ற ஒரு சொல்லால் அவ்விரண்டு வீடுகளும் போயின. வாரத்தில் மூன்று நாட் சம்பளம் ஒரு பிற்பகலில் இல்லாமற்போயிற்று.

மறுநாள் மாலை, படுக்கைக்கட்டிலின் அடியிலுள்ள இழுப்பறையிலிருந்து மெல்லிய ஓசையொன்று கேட்டது. தோய்த்து மடித்த படுக்கைவிரிப்புகளை வியாழக்கிழமை காலையில் அம்மையாரே அதில் வைத்து மூடியிருந்தார். கூட்டும் ஓசைக்கு அஞ்சிய பூனை, அவர் விரிப்பெடுக்கத் திரும்பிய கணத்தில் உள்ளே புகுந்து, அடியிலே சுருண்டுவிட்டது. சோர்ந்திருந்ததே தவிர உயிருக்குப் பழுதில்லை. அம்மையார் நல்லவர், அழுதார், அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து வரச்சொன்னார். தமக்கு வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டதென்று அவர் பணிவாகச் சொன்னாராம். கிடைத்ததோ, இல்லையோ! மற்ற இரண்டு வீட்டாரும் அதற்குள் வேறு ஆள் பிடித்துவிட்டனர்.

இதிலே நான் கேட்க விரும்புவது ஒன்று. பூனையைக் காவல்செய்வதும் துப்புரவு வேலையின் ஒரு பகுதியென்று அந்தப் பெண்ணுக்கு எப்போது, யார் சொன்னார்கள்? இரு கைகளிலும் வாளியும் தும்புத்தடியும் வைத்திருப்பவர், கண்ணுக்குத் தென்படாமல் நழுவுவதிலே பெயர்பெற்ற பிராணியைக் கதவடியில் நின்று எவ்வாறு மறிப்பார்? பூனை நம்முடையது. அதன் குணமும் ஒளிவிடங்களும் நாமறிந்தவை. துப்புரவு நாளில் அதற்குப் பொறுப்பு நாமேயன்றி வேலைக்கு வருபவர் அல்லர். இதனை ஒப்புக்கொண்டால் மற்றவை எளிது.

அவர் வாசல் மணியை அடிப்பதற்கு முன்னரே பூனை ஓர் அறையினுள் இருத்தல் வேண்டும். மணி அடித்தபின் பிடிக்கப் புறப்படுவது வீண்வேலை. அந்த ஓசையிலேயே அது கட்டிலடிக்குப் போய்விடும். அரைமணி நேரத்துக்குமுன் ஒரு கயிற்றுத் துண்டை இழுத்து ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, பின்னர் அந்த அறையிலே சிறிது உணவு வைத்தால் அது தானாகவே உட்செல்லும். வேட்டையாடி உண்டபின் உறங்குவது பூனையின் இயல்பு. தூக்கித்தான் கொண்டுபோக வேண்டுமெனின், ஒரு கையை மார்பின் கீழும் மறுகையைப் பின்னங்கால்களின் கீழும் கொடுத்துத் தூக்கவேண்டும். பிடரியைப் பற்றித் தூக்குவது தாய்ப்பூனை தன் குட்டிக்குச் செய்வது. வைணவ ஆசாரியர்கள் இறைவன் உயிர்களைக் காப்பதற்கு உவமையாகக் காட்டிய மார்ச்சார நியாயமும் அந்தக் குட்டியைப் பற்றியதே. நான்கு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனையை அவ்வாறு தூக்கினால் அதற்கு அச்சமும் நோவுமே மிஞ்சும் என்று மிருக வைத்தியர்கள் இப்போது எடுத்துரைக்கின்றனர்.

எந்த அறை என்பது முக்கியம். அன்று துடைக்கவேண்டாத அறையாக அல்லது இறுதியாகத் துடைக்கும் அறையாக அது இருக்கட்டும். குளியலறையிற் பூட்டிவைப்போர் பலர். ஆனால் அன்றைய தினம் அதிகம் கழுவப்படும் இடமே அதுதான். அறையின் யன்னல்களைப் பூட்டி, நீர்க்கோப்பையும் மலந்தட்டும் வைத்து, வாய் திறந்த அட்டைப்பெட்டி ஒன்றையும் போட்டுவிடுங்கள். பெட்டி அலங்காரத்துக்கன்று. நெதர்லாந்தின் உற்ரெக்ற் நகரப் பல்கலைக்கழகத்தார் காப்பகப் பூனைகளை அவதானித்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றினும் விரைவாக அச்சந் தெளிந்தமை கண்டறியப்பட்டது. அறையினுள் ஓர் அலுமாரி இருந்தால் அதன் கதவும் இழுப்பறைகளும் மூடியுள்ளனவா என்று முதலிலே பாருங்கள். மேலே சொன்ன சாம்பல் நிறப் பூனையின் கதை அதற்குச் சாட்சி.

அறைக்கதவின் பிடியிலே சிவப்புத் துணித்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு, வந்தவரிடம் அதைக் காட்டி, 'இது மட்டும் திறக்கவேண்டாம், தங்கச்சி' என்று சொல்லிவிட்டால் போதும். எழுதி ஒட்டலாமே என்பீர்கள். பல ஆண்டுகளாகப் பாடசாலை அறிவித்தற் பலகைக்கு அறிவித்தல் எழுதி வருபவள் நான். எழுதி ஒட்டியதை எல்லோரும் வாசித்துவிட்டார்கள் என்று நம்பும் பருவம் எனக்கு எப்போதோ கடந்துவிட்டது. வாயாற் சொல்லுங்கள், துணியும் கட்டுங்கள்.

வேலை முடிந்து அவர் புறப்படும்போது செய்யவேண்டியது இன்னொன்று உண்டு. பூனை உள்ளே இருப்பதை அவர் கண்முன்னே ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல். கதவைச் சற்றே நீக்கி, 'இதோ இருக்கிறது' என்று இருவரும் காண்பது அரை நிமிட வேலை. சுற்றுலா முடிந்து பிள்ளைகள் பேருந்தில் ஏறும்போது எண்ணிக் கணக்கெடுக்கிறோம் அல்லவா? கணக்கெடுப்பது பிள்ளைகள் மீதுள்ள ஐயத்தினால் அன்று. பின்னர் யாரும் யாரையும் ஐயுறாதிருப்பதற்காகவே.

இவ்வளவு செய்தும் பூனை வெளியேறிவிட்டால், முதலில் வீட்டினுள்ளே தேடுங்கள். சலவை இயந்திரத்தின் உட்புறம், அலுமாரியின் மேற்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், சுருட்டிய பாயினுள் எல்லாம் பார்த்தபின் வெளியே செல்லுங்கள். காணாமற்போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப்பற்றி 2018 இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, மீட்கப்பட்ட பூனைகளில் நாலில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளேயே இருந்தன. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த பூனை பெரும்பாலும் தூரம் ஓடாது. படிக்கட்டின் அடியிலோ, மொட்டைமாடி நீர்த்தாங்கியின் பின்னாலோ, வாகனத் தரிப்பிடத்திலோ மூச்சையடக்கிப் பதுங்கியிருக்கும். அழைத்தாற்கூட மறுமொழி தராது. ஆரவாரம் அடங்கிய பின்னிரவிலே மின்விளக்கோடு போய்ப் பார்ப்பது பயன்தரும்.

கதவைவிடப் பொல்லாதது யன்னல். துப்புரவு நாளென்றால் ஈரம் காய்வதற்காக எல்லா யன்னல்களும் பல்கணிக் கதவும் திறக்கப்படும். வெள்ளவத்தையில் கடற்காற்று வீசும் பக்கத்து யன்னலைத் திறவாதிருப்பது யாருக்குத்தான் இயலும்? பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே ஆழவேரூன்றியுள்ளது. நியூயோர்க் நகரின் மிருக வைத்தியசாலை ஒன்றுக்கு 1984 இல் ஐந்து மாத காலத்தில் மாத்திரம், மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றைப்பற்றிய ஆய்வு 1987 இல் வெளியாயிற்று. சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்துக்கொண்டன என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மகிழ்கிறவர்கள் உண்டு. நெஞ்சறை காயப்பட்டும், தாடையும் கால்களும் முறிந்தும் வந்தவை அவற்றுள் அதிகம் என்பதையும் அவர்கள் சேர்த்து வாசிக்கவேண்டும். கொண்டுவரப்படாமலே இறந்தவை அக்கணக்கில் இல்லை.

யன்னலுக்கு வலையடிப்போர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நுளம்புக்காக அடிக்கும் நைலோன் வலையைப் பூனை நகத்தாற் கிழித்துவிடும்; சாதாரண இரும்பு வலையைக் கடலோர உப்புக்காற்று அரித்துவிடும். துருப்பிடியா உருக்குக் கம்பிவலையே இப்பக்கத்துக்கு ஏற்றது. வாசலில் இரும்புக் கிராதிக் கதவு போட்டிருப்பவர்கள் அதனைப் பாதுகாப்பென்று எண்ணிவிடக்கூடாது. தலை நுழையும் இடைவெளியில் பூனையின் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். கிராதியின் அடிப்பாதிக்கும் அதே வலையை அடித்துவிட்டால், கால்மிதி தட்டுபவர் உட்கதவைத் திறந்துவைத்தாலும் பாதகமில்லை.

இனித் துடைக்கும் திரவங்களுக்கு வருவோம். நான் கலைப்பட்டதாரி, இரசாயனம் எனக்கு ஆசிரியர் ஓய்வறையிலே கேட்டறிந்த பாடம்தான். ஆயினும் இதனைக் கேட்டறிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குசினி அலுமாரியை மாற்றியமைத்துவிட்டேன். பீனோல் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் நம் உடலினுட் சென்றால், ஈரல் அவற்றை ஒருவகைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து, நீரிற் கரைந்து வெளியேறத் தக்கனவாக மாற்றிவிடுகின்றது. அப்பிணைப்பைச் செய்யும் நொதியம் பூனையின் ஈரலிலே போதியளவு இல்லை. ஆகவே நமக்கு ஊறில்லாதது அதற்கு நஞ்சாகின்றது. நாம் தலைவலிக்கு விழுங்கும் பனடோல் வில்லையொன்று பூனையைக் கொல்லப் போதுமானதாவதும் இதே குறைபாட்டினால்தான். கூட்டும்போது கட்டிலடியிலிருந்து வில்லை ஏதும் வெளிப்பட்டால் அதனை எடுத்துத் தரும்படி துப்புரவுக்கு வருபவரிடம் சொல்லிவைப்பது நன்று.

பூனை தானாகப் போய்ப் பினாயிலைக் குடிப்பதில்லை. ஈரத் தரையில் நடக்கிறது. பின்னர் அமர்ந்து தன் பாதங்களை நக்குகிறது. அவ்வழியாகவே நஞ்சு உட்செல்கின்றது. தண்ணீரில் ஊற்றியதும் பாலைப்போல வெண்மையாகும் கிருமிநாசினிகள் யாவற்றையும் பூனையுள்ள வீட்டில் ஐயத்தோடு நோக்கவேண்டும் என்பது மிருக வைத்தியர்கள் கூறும் எளிய அடையாளம். பினாயிலும் டெட்டோலும் அவ்வகையின. நறுமணத்தோடு விற்கப்படும் தரைத்திரவங்கள் பலவற்றிலுள்ள பென்சல்கோனியம் குளோரைட்டு என்ற பொருள், செறிவாக இருக்கையில் நக்கப்பட்டால் நாவிலும் வாயிலும் புண் உண்டாக்கும். அன்றாடத் துடைப்புக்குச் சவர்க்கார நீரே போதும். கிருமிநாசினிதான் வேண்டுமென்றால் போத்தலிற் சொன்ன அளவில் கலந்து துடைத்து, வெறுந் தண்ணீரால் மீண்டுமொருமுறை துடைக்கச் செய்யுங்கள். அந்த இரண்டாவது துடைப்பும் உழைப்புத்தான். அதற்கான நேரத்தையும் கூலியையும் சேர்த்தே பேசுங்கள்.

வெளிற்றும் திரவத்தையும், மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவது நம் வீடுகளில் நான் பலமுறை கண்ட வழக்கம். அவை கலந்தால் குளோரீன் வாயு எழும். யன்னல் சிறுத்த குளியலறையில் முழந்தாளிட்டுத் தேய்ப்பவரின் நெஞ்சுக்குத்தான் அது முதலிற் போகும், பூனைக்கு அப்புறம்தான். மலந்தட்டை வெளிற்றும் திரவத்தாற் கழுவுவதும் அத்தகையதே; சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து கண்ணெரிக்கும் வாயுவை அது உண்டாக்கும். கொதிநீரும் சவர்க்காரமும் போதும். கரப்பானுக்குத் தெளிக்கும் மருந்துகள் சிலவற்றிலுள்ள பேர்மெத்திரினும், அலுமாரியில் இடும் அந்துருண்டையும் பூனைக்கு நஞ்சென்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மலந்தட்டைப் பற்றிப் பேசிவிட்டதால் இதனையும் சொல்லவேண்டும். அது துப்புரவுக்கு வருபவரின் வேலையாக ஒருபோதும் இருத்தல் கூடாதென்பது என் கருத்து. அருவருப்பு என்பதனால் மாத்திரம் அன்று. 1908 இல் கண்டறியப்பட்ட தொக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், பூனையின் மலத்தோடு வெளியேறக்கூடியது. பூனைக்கும் அதற்குமுள்ள தொடர்பு 1970 அளவிலேயே தெளிவாயிற்று. பெரும்பாலோருக்கு அதனால் பெருந்தீங்கில்லை. கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் சிசுவின் கண்ணையும் மூளையையும் அது தாக்கலாம். வெளியேறிய நுண்ணுயிர் தொற்றும் நிலையை அடைய ஒருநாள் முதல் ஐந்து நாள்வரை செல்லும். ஆகவே நாள்தோறும் தட்டைத் துப்புரவாக்கினால் ஆபத்து மிகவும் குறைகின்றது. வாரத்திற்கு ஒருமுறை வருபவருக்கென்று ஒரு வாரக் குப்பையைச் சேர்த்துவைப்பது இதற்கு நேர்மாறான செயல். கருவுற்றிருக்கிறாயா என்று அவரிடம் கேட்கலாமே என்பீர்கள். வேலை போய்விடுமோ என்று அஞ்சும் பெண் அக்கேள்விக்கு உண்மை சொல்வாளென எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? தட்டை நாமே கழுவிவிட்டால் அக்கேள்விக்கே இடமில்லை.

பூனை கீறினாலும் கடித்தாலும் செய்யவேண்டியதை வீட்டுக்காரர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டில் விசர்நாய்க்கடி நோய்க்கெதிரான சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் அந்நோய் பூனையாலும் பரவும் என்பதைப் பலர் இன்னும் பொருட்படுத்துவதில்லை. வீட்டைவிட்டு வெளியேறாத பூனைக்கும் தடுப்பூசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். காயத்தை ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். கடிகாரத்தைப் பாராமல் கழுவுபவர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவார். பூனையின் பற்கள் ஊசிபோல ஆழ இறங்குவதால் வெளிக்காயம் சிறிதாயினும் உள்ளே எளிதிற் சீழ்ப்பிடிக்கும். ஆகையால் அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். முச்சக்கர வண்டிக் கூலியும், அன்றைய முழுச் சம்பளமும், மறுநாட்களில் ஊசிக்காக அவர் இழக்கும் நேரமும் நம் கணக்கிலே சேரவேண்டியவை. சிலருக்குப் பூனையின் உமிழ்நீரிலும் தோலிலுமுள்ள ஒரு புரதத்தால் மூச்சிழுப்பு வரும். அத்தகையவர் தும்புத்தடியால் உலரக் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. சிலருக்குப் பூனையென்றாலே அச்சம். அதனைக் கேலிசெய்வது அழகன்று.

1871 இல் இந்நாட்டில் வீட்டு வேலைக்காரரைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டமொன்று இயற்றப்பட்டது. வேலைக்காரர்மீது எசமானருக்கிருந்த ஐயத்திற்கு எழுத்துவடிவம் கொடுத்த சட்டம் அது. 2011 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஜெனீவாவிலே சர்வதேசத் தொழில் தாபனம் வீட்டுப் பணியாளருக்கான 189 ஆம் இலக்க உடன்படிக்கையை ஏற்றபோது, அவர்களுக்குப் பாதுகாப்பானதும் சுகாதாரமானதுமான வேலைச்சூழல் வேண்டுமென்பதை அதில் உரிமையாகவே எழுதிவைத்தது. இடைப்பட்டது 140 ஆண்டு. நான்காம் மாடி வீட்டிலே அன்றைக்கு நடந்த விசாரணை எந்த ஆண்டுக்கு உரியதென்று நேயர்களே கூறட்டும்.

ஓசையைப் பற்றிச் சில வார்த்தை. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். பூனையின் செவி 60,000 க்கும் மேலே கேட்கும். தூசியுறிஞ்சும் இயந்திரம் நமக்கு இரைச்சலென்றால் அதற்கு அது எத்தகையதென எண்ணிப் பாருங்கள். பூனையிருக்கும் அறையிலிருந்து தொலைவான மூலையில் அவ்வியந்திரத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். வானொலியை அவ்வறையில் மெதுவாகப் பாடவிட்டால் வெளியோசை சற்று மழுங்கும். வானொலியில் பேசுகிறவள் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை, உண்மையிலேயே பயன்படுகின்றது.

பூனை தன் கன்னத்தைச் சுவர்மூலையிலும் கதிரைக்காலிலும் உரசித் தன் மணத்தைப் பதித்து, இது என் இடமென்று அடையாளமிட்டு வைக்கின்றது. எல்லா மூலைகளையும் ஒரே நாளிற் கழுவித் துடைத்தால், திரும்பி வரும் பூனைக்கு அது அந்நிய வீடாகத் தோன்றும். கடுவனாயின் சுவரெங்கும் சிறுநீர் தெளிக்கத் தொடங்கினாலும் வியப்பில்லை. அது படுக்கும் துணியை மட்டும் அன்று தோய்க்காமல் விட்டு, வேறொரு நாளில் நீங்களே தோய்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து, அவர் தேநீர் குடித்து, சம்பளம் பெற்று, கதவு பூட்டப்பட்ட பின்னரும் பூனையின் அறையைத் திறக்க அவசரப்படாதீர்கள். குனிந்து தரையைக் கையால் தொட்டுப் பாருங்கள். மாரிகாலத்துக் கொழும்பில் ஈரம் காய ஒரு மணித்தியாலம்கூடச் செல்லும். கை ஈரமாகாவிட்டால், பல்கணிக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துவிட்டு, சிவப்புத் துணியை அவிழ்த்துக் கதவைத் திறந்துவிடலாம்.